சித்தப்பா கில்ட் வாங்கிய ஆண்டு

சித்தப்பா முழந்தாளிட்டதை என் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். மெல்பேர்னில், ஸ்கொட்லாந்துக்காரப் பெண்மணி ஒருவரின் வீட்டு முன்னறையில், மங்கிய சிவப்புக் கம்பளத்தின் மேல் அவர் அப்படி நின்றார். மேலே அலுவலகத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை, கரும்பச்சையும் நீலமும் கட்டம் கட்டமாக ஓடும் கனத்த கம்பளித் துணி, நூலோட்டம் பிரிக்கப்படாமல் வெள்ளை நூல் வெளியே தெரிந்தபடி. முழந்தாளிடும்போது விளிம்பு தரையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நின்றால்தான், எழுந்து நிற்கும்போது முழங்காலின் நடுவில் வருமாம். அந்தப் பெண்மணி வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி தலையைச் சாய்த்து அளவு பார்த்தார். சித்தப்பா எதிர்ச் சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லுப் பிடுங்கக் காத்திருப்பவரின் முகம். எனக்குப் பத்து வயது. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், தனியே போகக் கூச்சப்பட்டு, சித்தப்பா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் எங்கள் ஸ்பிரிங்வேல் வீட்டு முன்னறைக்குள் இருத்திவிடலாம் போல அவ்வளவு சிறிய கூட்டம். அப்பாவின் தம்பியான சித்தப்பா, எங்களுக்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து வந்து எங்களுடனேயே தங்கியிருந்தார். பாலங்களுக்கு வரைபடம் வரையும் வேலை. மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். ஊரில் பத்து வருடம் மிருதங்கம் பயின்றவர். இங்கே வாசிக்க மிருதங்கமும் இல்லை, பாட ஆளும் இல்லை. ஆனால் விரல்கள் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசை, ரயில் யன்னல், அலுவலகத்தில் வரைபலகை என்று எதிலாவது தட்டிக்கொண்டே இருப்பார். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருநாள் அதைக் கவனித்திருக்கிறார். அவர் ஸ்கொட்லாந்துப் பாணி பாண்ட் குழு ஒன்றில் பாக்பைப் என்ற துருத்திக் குழல் ஊதுபவர். குழுவில் மேளம் அடிக்க ஆள் குறைந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சித்தப்பாவைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கையால் வாசித்தவர் குச்சியைப் பிடிக்கப் பழக நாலு மாதம் எடுத்தது. ஆனால் தாளக் கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்ததாம். வீட்டுக் கொட்டிலில் ரப்பர் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு சித்தப்பா மணிக்கணக்காக அடித்துப் பழகுவார். அந்த மாதங்களில் அவர் சாப்பிடும்போது எங்களோடு கதைத்தார். அதற்கு முன் அப்படிக் கதைத்ததில்லை.

பிறகுதான் பிரச்சினை வந்தது. ஊர்வலத்தில் நடக்க வேண்டுமானால் கில்ட் என்கிற அந்தக் கட்டம் போட்ட கம்பளி உடுப்பைக் கட்ட வேண்டும். குழுவின் பெட்டியில் இருந்த பழைய கில்ட்டுகள் எல்லாம் தடித்த மனிதர்களுக்குத் தைத்தவை. சித்தப்பாவின் இடுப்பில் ஒன்றும் நிற்கவில்லை. சொந்தமாக ஒன்று தைப்பித்து வாங்க வேண்டியதாயிற்று.

"தம்பி, பாவாடையோ கட்டப்போறியள்?" என்று அம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"பாவாடை இல்லை அண்ணி, கில்ட். அங்கை ஆம்பிளையள்தான் கட்டுறது."

"அது அங்கை. கோப்பாயிலை அதை ஆர் விளங்கப்போயினம்?"

கோப்பாய் என்று அம்மா சொன்னதற்குக் காரணம் இருந்தது. அப்போது சித்தப்பாவுக்கு யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பெரியம்மா முறையான ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். பெண் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. தூர தேசம், தனி ஆள், முப்பத்துமூன்று வயது என்று ஏதோ காரணங்கள். இதுவும் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

அன்று அந்த முன்னறையில் சித்தப்பாவின் மனத்தை அரித்தது வேறொன்று. எழுந்து நின்றதும், தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் அந்தப் பெண்மணியிடம் கேட்டார். இந்தக் கட்டங்கள் எல்லாம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியவை என்று கேள்விப்பட்டேன், என்னைப் போன்ற ஒருவன் இதைக் கட்டினால் உங்கள் ஆட்கள் மனம் நோகமாட்டார்களா என்று. பெண்மணி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சு மெத்தையில் குத்தினார்.

"இது குடும்பத் துணி இல்லை. உங்கள் பாண்டின் துணி. நீங்கள் பாண்டில் இருக்கிறீர்களா, இல்லையா?"

"இருக்கிறேன்."

"அப்படியென்றால் நேராக நில்லுங்கள். வலது பக்கம் சரிகிறது."

வழக்கமாக ஒரு கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி போகுமாம். அவ்வளவையும் இந்த இடுப்பில் சுற்றினால் துணிதான் நடந்து போகும், நீங்கள் போகமாட்டீர்கள் என்று அவர் சொன்னபோது சித்தப்பா முதன்முறையாகச் சிரித்தார். பெண்மணி மடிப்புகளைக் குறைத்தார். அப்படிக் குறைத்தாலும் பின்பக்கத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் சேர வேண்டும். அதற்காக மூன்றுதரம் பிரித்துத் தைத்தார் என்று பிறகு அறிந்தோம். முடிந்த கில்ட்டை வாங்கப் போன சனிக்கிழமை, தோல் வார்களை இறுக்கிக் கட்டி, கண்ணாடி முன் நின்று சித்தப்பா மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். மடிப்புகள் விரிந்து மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கின. "எப்பிடிப் பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். "வடிவாய் இருக்கு சித்தப்பா," என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

ஊர்வல ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருந்தே கில்ட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். மாற்றிக்கொள்ள அங்கே இடமில்லையாம். ஸ்பிரிங்வேல் ரயில் மேடையில் அப்பாவும் நானும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அப்பா தோளில் கமெரா. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று மேடையில் நின்றவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டிக்கே எவ்வளவோ சொல்வார்கள். வாங்கில் இருந்த இரண்டு வயதான வெள்ளைக்காரப் பெண்மணிகள் எங்களையே உற்றுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து நேரே சித்தப்பாவிடம் வந்தார். வந்து, "உங்கள் இடது காலுறை இறங்கியிருக்கிறது, மகனே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சித்தப்பா குனிந்து அதை இழுத்துவிட்டார்.

அன்று அப்பா எடுத்த படங்களில் ஒன்று மிக நன்றாக வந்திருந்தது. பூங்காவில் குழு வரிசையாக நிற்கிறது. சித்தப்பா ஓரத்தில், மேளம் இடுப்பில் தொங்க, குச்சிகளை உயர்த்தியபடி. அந்தக் கிழமையே கோப்பாயிலிருந்து மாப்பிள்ளையின் படம் கேட்டுக் கடிதம் வந்தது. சித்தப்பாவை ஸ்ரூடியோவுக்கு அனுப்பி, கோட்டும் டையும் அணிந்து எடுத்த படத்தை அம்மா உறையில் வைத்து, முகவரி எழுதி, ஒட்டித் தபாற்பெட்டியில் போடும்படி என்னிடம் தந்தார். ஸ்ரூடியோப் படத்தைப் பார்த்தேன். அது எங்கள் சித்தப்பா மாதிரியே இல்லை. வரப்போகும் சித்தி நல்ல படத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்து, அப்பாவின் மேசை லாச்சியிலிருந்து கில்ட் படத்தையும் எடுத்து உள்ளே வைத்து ஒட்டினேன். ஒரு குறும்பும் நினைக்கவில்லை. உதவி செய்ததாகவே நினைத்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் சொன்னார்: "நல்ல காலம் இந்தக் கோலம் ஒண்டும் அவையளுக்குத் தெரியாது. கலியாணம் முடிஞ்சு வந்தாப் பிறகு ஆறுதலாய்ச் சொல்லலாம்." சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அண்ணி," என்றார்.

கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். கடிதம் அதற்குள் தபால்காரரின் பைக்குள் போயிருந்தது.

அதன்பிறகு வந்த நாட்களில் பள்ளியால் வந்ததும் முதலில் தபாற்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஒன்றுமில்லை என்றால் ஒரு நாள் தப்பியது போல இருக்கும். இரண்டு கிழமையில் வரவேண்டிய பதில் மூன்று கிழமையாகியும் வரவில்லை. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனதோ என்று அம்மா புலம்பத் தொடங்கினார். சித்தப்பா மீண்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு பின்னேரம் கொட்டிலுக்குப் போனேன். சித்தப்பா ரப்பர் பலகையில் அடித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குச்சிகள் நின்றன.

"எந்தப் படம்?"

"மேளம் அடிக்கிற படம்."

கோபிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்கவும் எனக்குப் பயம். அவர் குச்சிகளைப் பலகைமேல் பக்குவமாக வைத்தார். "அழாதை பிள்ளை. மறைச்சுக் கலியாணம் செய்யிறது எனக்கும் மனத்துக்குச் சரியாய்ப் படேல்லை. சொல்லத் தைரியம் வரேல்லை, அவ்வளவுதான். இப்ப அவையளுக்குத் தெரியும். வேண்டாமெண்டால் வேண்டாம்." பிறகு நேரே குசினிக்குள் போனார். நான் வாசலில் நின்று கேட்டேன். "அண்ணி, கோவிக்காதையுங்கோ. அந்தக் கடிதத்துக்கை கில்ட் கட்டின படமும் ஒண்டு வைச்சு விட்டனான்." அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அன்றும் மறுநாளும் அவர் சித்தப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பெயர் அந்தப் பேச்சில் வரவேயில்லை.

பதில் அடுத்த வியாழக்கிழமை வந்தது. நீல வான்கடித உறை, வழக்கத்தைவிடக் கனமாக. அப்பா வேலையால் வரும்வரை அம்மா அதை உடைக்கவில்லை, சுவாமிப் படத்தடியில் வைத்திருந்தார். அப்பா நின்றபடியே உரத்து வாசித்தார். முதற் பக்கம் பெண்ணின் தகப்பனார் எழுதியது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை நடந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, சாதகம் பொருந்தியிருக்கிறது, எங்களுக்கு முழுச் சம்மதம் என்றிருந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. பெண் தன் கைப்பட எழுதிய அரைப் பக்கம். அந்தக் காலத்தில் அது வழக்கமே இல்லை. அப்பா ஒருகணம் தயங்கி, சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா வாசித்துவிட்டு, உரத்து வாசிக்கும்படி அதை மீண்டும் அப்பாவிடமே கொடுத்தார்.

கோட்டுப் போட்ட படத்தைப் பார்த்து முதலில் யோசித்தேன், என்று எழுதியிருந்தது. யாரோ வற்புறுத்திக் கொண்டுவந்து இருத்திய முகம் போல இருந்தது. மற்றப் படத்தில் எல்லோரும் கமெராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் நிற்பவர் மட்டும் தன் மேளத்தைப் பார்க்கிறார். அதைக் கண்ட பிறகு எனக்கு யோசனை இருக்கவில்லை. அந்த உடுப்புக்கு எத்தனை மடிப்பு என்று எண்ணிப் பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை. எழுதி அறிவிக்கவும்.

அம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அன்று நான் மூன்றுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அதுவரை நாலு கிழமையாக அரைவயிறுதான். அடுத்த வருடம் சித்தப்பா ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்து வந்தார். வேட்டி கட்டித்தான் முடித்தார்.

இப்போது அவர்கள் இருவரும் மகனோடு மெல்பேர்னின் வடக்கே கிரெய்கிபர்னில் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் நடந்தால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் எங்கள் ஆட்களின் கறி மணக்கிறது. யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் படத்தைச் சித்தப்பாதான் அனுப்பினார் என்றே கடைசிவரை நம்பியிருந்தார். சித்தியும் அப்படித்தான் நம்பியிருந்தார். போன மாதம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "இந்த மனுசனுக்கு அந்த ஒரு நாள் மட்டும் எங்காலை அந்தத் துணிவு வந்தது?" என்று சித்தி என்னிடம் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு கோப்பையைப் பார்த்தார். இத்தனை வருடம் எனக்காகச் சுமந்த பொய்யை இனியும் அவர் சுமக்க வேண்டுமா என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

சித்தி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நீங்கள் அனுப்பேல்லையோ?"

"இல்லை," என்றார் சித்தப்பா. "அனுப்பியிருக்கவும் மாட்டன்."

சித்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் பத்து வயதுப் பயம் ஒருகணம் திரும்பி வந்தது. பிறகு அவர் என் பக்கம் சாய்ந்து, என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் ஓம் எண்டு சொன்னது உனக்குத்தான் பிள்ளை."