செல் பிரிக்கும் படம்

எங்கள் பள்ளி நூலக அக்காவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நான் பெருக்கப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் செல்போனோடு நின்றிருப்பார். சிக்னல் அங்கேதான் எட்டிப் பார்க்கும்.

அறையில் இரண்டு அலமாரிப் புத்தகம். பாதிக்கு அட்டை இல்லை. யாரோ கொடுத்த டிவி ஒன்று. ஆய்வகமே இல்லாததால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எதையும் கண்ணால் பார்க்காமல் உருப்போட்டு எழுதுகிறார்கள் என்று அக்காவுக்கு ஆற்றாமை. பாடப் படங்களைத் தேடித் தேடிப் பென்டிரைவில் ஏற்றுவார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பாடமாவது காட்டாவிட்டால் அறையை அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் பெரிய சார் சொல்லிவிட்டார். அதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழனன்று உயிரியல் பாடத்துக்கென்று தேடியதில் 'செல் பிரிப்பது எப்படி, எளிய விளக்கம்' என்று ஒரு படம் கிடைத்தது. இறங்கவே ஒரு மணி நேரம். போட்டுப் பார்க்கப் பொழுதில்லை. ஓரத்தில் இருந்த குட்டிப் படத்தில் ஸ்குரூடிரைவர் தெரிந்தது. படித்தவர்களுக்குத் தெரியாததா என்று நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் முப்பது பிள்ளைகள் தரையில், பெரிய சார் நாற்காலியில். டிவியில் ஒருவர் வந்து, "முதல்ல பின்மூடியைக் கழட்டிக்கணும்" என்றார்.

கடைசி வரிசையில் ஒருத்தி அடக்கமாகக் கேட்டாள்: "டீச்சர், இது நாலு மார்க்கா, ஏழு மார்க்கா?"

அறையே சிரித்தது. பெரிய சார் எழுந்து, சாவியை எப்போது தருவீர்கள் என்றார்.

அக்கா முகம் செத்துப் போனது. ஆனாலும் செல்போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். "செல்லுனு போட்டா போனுதான் வருது. வேற என்ன பேருன்னு புத்தகத்தைப் புரட்டுங்கடி."

பக்கங்கள் படபடத்தன. "மைட்டாசிஸ், டீச்சர்."

வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிள்ளைகள் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். சின்னத் திரையில் ஓர் உருண்டை இடுப்பு ஒடுங்கி இரண்டானது.

"கொஞ்சம் இறக்கிப் புடிங்கம்மா, எனக்குத் தெரியல" என்றார் பின்னால் நின்ற பெரிய சார்.

போகும்போது, இதயத்தையும் காட்டிவிடுங்கள், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். சாவியைக் கேட்கவில்லை.

அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். இதயம் என்று போட்டால் காதல் பாட்டாக வந்து கொட்டுகிறதாம்.