நீலக் கவசங்கள் எப்போது தயாராயின

எங்கள் வாசகர் வட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கூடும். இடம், காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையின் மாடி. சுவர் ஓரமெல்லாம் அட்டைப்பெட்டிகள். ஆள் அதிகமாகிவிட்டால் பெட்டிகள்தான் நாற்காலிகள். திருப்பூரில் யாருக்குங்க படிக்க நேரம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். எங்களுக்கு இருக்கிறது. ஷிப்மென்ட் நெருக்கடியிலும், ஆட்கள் ஊருக்குப் போய்விடும் தீபாவளிக்குப் பிந்தைய வாரத்திலும்கூட அந்த மாடி பூட்டிக் கிடந்ததில்லை.

நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். சரக்கு கப்பலேற வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போய், பேக்கிங் என்றைக்கு, தையல் என்றைக்கு, சாயம் என்றைக்கு, நூல் என்றைக்கு என்று அட்டவணை போடுவது என் வேலை. இந்தப் புத்தி கதை படிக்கும்போதும் போகாது. எந்த நெடுங்கதையை எடுத்தாலும் யார் எப்போது பிறந்தார்கள், எந்தப் போர் எந்த மாதம் நடந்தது என்று காலவரிசை எழுதிக்கொண்டுதான் படிப்பேன். வட்டத்தில் என்னைக் கேலி செய்வார்கள். சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள்.

போன வருடம் முழுக்க நாங்கள் படித்தது ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு மாயக்கதை. ஓர் ஆறு, வடகரையில் ஒரு நாடு, தென்கரையில் ஒரு நாடு. தலைமுறைகளாகச் சண்டை. மூன்றாம் பாகத்தில், பனி மாதத்தில், ஆற்றின் நடுவே படகுகளைக் கோத்துக் கட்டிய பாலத்தில் இரு மன்னர்களும் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். அதே ஆண்டு வெள்ள மாதத்தில் வடநாட்டு இளவரசன் தென்கரைத் துறையில் கொல்லப்படுகிறான். அடுத்த மாதமே வடநாட்டுப் படை நீலப் பருத்திக் கவசம் அணிந்து ஆற்றைக் கடக்கிறது. அந்த நாட்டில் சாதாரணக் காவலுக்கு வெள்ளைக் கவசம், போருக்கு மட்டும் நீலம்.

ஓராண்டுகூட நிலைக்காத அந்தச் சமாதானம் உண்மையானதா, நடிப்பா? ஊர்ப் புத்தகத் திருவிழாவில் இதைப் பற்றி விவாதிக்க எங்கள் வட்டத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு அது பெரிய மரியாதை.

இங்கே இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் மாடிக்குச் சொந்தக்காரரான கடைக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். இன்னொருவர் வேலம்பாளையத்தில் பனியன் யூனிட் வைத்திருப்பவர். நெசவுக் குடும்பம், முருக பக்தர். நாங்கள் அவரை அண்ணா என்போம். முன்பு இருவரும் கூட்டாளிகள். அண்ணா உற்பத்தியைப் பார்த்தார், பாய் விற்பனையைப் பார்த்தார். பிறகு பிரிந்தார்கள். பிரிந்த பிறகு ஒரு கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காரவில்லை. முதல் பாகத்தை இருவருக்கும் தனித்தனியே இரவல் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஆற்றையும் மன்னர்களையும் பற்றி மட்டும் பேசினார்கள். தொழில் பேச்சு கிடையாது, வீட்டுப் பேச்சு கிடையாது. அவர்கள் சேர்ந்து உட்கார ஊரில் வேறு இடம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அந்த ஞாயிறுகளை ஜாக்கிரதையாகக் காப்பாற்றிவந்தோம்.

அதை உடைக்கப் பார்த்தது என் அட்டவணைதான். விழாவில் சமாதானம் நடிப்பு என்ற கட்சிக்கு அண்ணா, உண்மை என்ற கட்சிக்குப் பாய் என்று முடிவாகியிருந்தது.

"அம்மிணி, போர் ஆரம்பிச்ச நாள டெலிவரி டேட்டுன்னு வெச்சுக்கங்க. அங்கிருந்து பின்னால எண்ணிட்டு வாங்க. ஆர்டர் எப்பக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சு போயிரும்" என்றார் அண்ணா.

"எத்தன பீஸுங்க?" என்று பாய் கேட்டார்.

"நாப்பதாயிரம் பேர் படைன்னு போட்டிருக்குது."

"ஒரே கலரு. சைஸ்?"

"அரக்கனுகளும் இருக்கறானுகளே பாய். அவனுகளுக்கு டிரிபிள் எக்ஸெல்லும் பத்தாது" என்றார் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர்.

சிரித்துக்கொண்டேதான் கணக்கைப் போட்டோம். கைராட்டை, கைத்தறி, ஆறு மடிப்புத் துணி, கைத்தையல். மழை மாதங்களில் உலர்த்த முடியாது என்று பாய் சொல்ல, அதையும் கழித்தேன். சாயம் எந்தக் கட்டத்தில் என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் அண்ணாவைப் பார்த்தோம்.

"எங்க ஊட்டுல நூலுக்குத்தான் சாயம் போடுவோம். அப்பறந்தான் தறிக்கே போகும்" என்றார் அவர்.

தறிக்காரர் சொன்னால் யார் மறுப்பது? சாயத்தை நூலுக்குப் பக்கத்தில், அட்டவணையின் தொடக்கத்தில் வைத்தேன். கணக்கு போய் நின்ற இடம், உடன்படிக்கைக்கு முந்தைய அறுவடை மாதம். அப்படியென்றால் பாலத்தில் கைகோத்து நின்றபோதே வடநாட்டு மன்னனின் பட்டறைகளில் நீல நூல் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. சமாதானம் நடிப்பு.

பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு. அண்ணா தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"சிலபேரு அப்படித்தானுங்க அம்மிணி. ஒரே தூக்குப்போசியில பக்கத்துல உக்காந்து சாப்புட்டுட்டே, அந்தப் பக்கம் புது மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்திருப்பாங்க."

கூட்டு பிரிவதற்கு முன்பே பாய் தனியாகத் தையல் மெஷின்களுக்குச் சொல்லிவைத்திருந்தார் என்பது அண்ணாவின் பழைய மனத்தாங்கல். அதை அவர் பாயின் முன்னால் சொன்னது அன்றுதான்.

பாய் மடியிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"அடுத்த வாரத்துல இருந்து எனக்குக் கொஞ்சம் வேல இருக்குதுங்க. சாவிய பக்கத்துக் கடையில குடுத்து வெக்கறேன். பேசிட்டுப் பூட்டிட்டுப் போங்க."

"நீங்க இல்லாம எப்படிங்க பாய்?" என்றேன்.

"சமாதானமே பொய்யின்னு முடிவாயிருச்சுங்களே. அப்பறம் நா எதுக்குங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இனி வரமாட்டார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. விழாவில் பேச வேண்டிய இருவரும் அவர்கள்தான். அதைவிட, கூட்டாளியாக இருந்த வருடங்கள் முழுக்க வேஷம் என்று ஒரு மனிதரைச் சொல்லியாகிவிட்டது. அதற்குச் சாட்சியாக என் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது.

புதன்கிழமை அண்ணா போன் செய்தார். "அம்மிணி, சாயப்பட்டற பக்கம் வந்தீங்கன்னா அப்படியே இங்கயும் வந்துட்டுப் போங்க. மூணாம் பாகத்துக் காலவரிசையையும் எடுத்துட்டு வாங்க."

போனபோது அவர் செக்கிங் டேபிளின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே பீகார்ப் பையன்களின் செல்போனில் போஜ்புரிப் பாட்டு. தன்னிடமிருந்த மூன்றாம் பாகத்தில் ஒரு பக்கத்துக்கு அடையாளமாக சைஸ் லேபிள் ஒன்றைச் செருகியிருந்தார்.

"இதப் படிங்க."

எனக்கு மனப்பாடமான பகுதி. இளவரசன் இறந்த பின், ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு மீனவக் கிராமம் விழிக்கிறது. ஆறு நீலமாக ஓடுகிறது. மாடுகள் தண்ணீரில் வாய் வைக்க மறுக்கின்றன. ஆறே துக்கம் காக்கிறது என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். வட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்த அன்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் காலவரிசையில் இதற்கு நேரே 'துர்நிமித்தம்' என்று எழுதியிருந்தேன்.

"இது சகுனமுங்களா அம்மிணி?"

"அப்படித்தானுங்களே எழுதியிருக்காரு."

"நொய்யல் கரையில பொறந்தவங்க நாம. ஆறு நீலமாப் போனா எதுக்குன்னு நமக்குத் தெரியாதாக்கும்? துக்கம்னா மாடு தண்ணி குடிக்கும். சாயத்தண்ணின்னாத்தான் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். மேல எங்கியோ தொட்டியத் தொறந்து உட்டிருக்கானுக."

ஒரு கணம் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் புத்தகத்தின் வரைபடத்தைத் தேடினேன். வடநாட்டுப் பட்டறைகள் ஆற்றின் மேல்பகுதியில். மீனவக் கிராமம் கீழே. சம்பவம் இளவரசன் இறந்த பிறகு. எல்லாம் பொருந்தியது.

"அப்ப நூலுக்குச் சாயம் போடலையா?"

"எங்க ஊட்டு வழக்கத்த அந்த ராசா தலையில கட்டிட்டனுங்க" என்றார். "வெள்ளையாவே தெச்சு அடுக்கியிருக்கான். செத்த சேதி வந்த பொறகு மொத்தத்தையும் தொட்டியில முக்கியிருக்கான். நம்மூர்ல கார்மெண்ட் டையிங் பண்றதில்லீங்களா, அதே மாதிரி."

அப்போதுதான் எனக்கு இன்னோர் இடம் நினைவுக்கு வந்தது. போர் அத்தியாயத்தைத் திருப்பினேன். முதல் மழையிலேயே வீரர்களின் கழுத்தில் நீலம் வழிகிறது.

"சரியா வாஷ் பண்ணாத சாயமுங்க" என்றேன். "மழையில காயவும் உடாம அவசரத்துல போட்டது."

"நம்ம ஃபாரின் பையர்னா அத்தனையும் ரிஜக்ட்."

இருவரும் சிரித்தோம். பிறகு நான் சொன்னேன்: "அண்ணா, இது உங்க கட்சிக்கே எதிராப் போகுதுங்களே. வெள்ளக் கவசம் காவலுக்கு. இளவரசன் சாகற வரைக்கும் போருன்னு முடிவு பண்ணலைன்னு ஆகுதுங்க. சமாதானம் உண்மைன்னு ஆகுதுங்க."

"தெரியுமுங்க. அதுக்காகத் தண்ணி வெள்ளையாத்தான் போச்சுன்னு சொல்ல முடியுங்களா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்தை வேறு யாரும் அப்படிப் படித்திருக்க மாட்டார்கள், நானே படிக்கவில்லை. தன் வாதத்தை ஜெயிக்க வைத்த கணக்கைத் தானே திரும்பப் படித்து, தானே உடைத்து, அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டிய மனிதரோடு ஒரே வட்டத்தில் இருக்கிறேன் என்று அன்று எனக்கு ஏற்பட்ட பெருமை இன்னும் குறையவில்லை.

"வாங்க, காதர்பேட்ட போலாம்" என்று வண்டிச் சாவியை எடுத்தார்.

கடையில் பாய், நாக்பூர் வியாபாரி ஒருவரிடம் இந்தியில் விலை பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைக் காட்டினார், பேரத்தை நிறுத்தவில்லை. வியாபாரி போன பிறகு அண்ணா வாசலை ஒட்டி நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டினார். பாய் முழுவதும் கேட்டார்.

"சாயத்தண்ணி" என்றார் பாய் மெதுவாக.

"அதேதானுங்க. நா சொன்னது தப்பு." அண்ணா புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். "இப்ப ஒண்ணு கேக்கறேன் பாய். மெஷினுக்குச் சொல்லி வெச்சீங்க, சரி. பிரியறதுன்னு எப்ப முடிவு பண்ணுனீங்க?"

நான் எழுந்து போகலாமா என்று யோசித்தேன். பாய் என்னை உட்காரும்படி கைகாட்டினார்.

"பொய் சொல்ல மாட்டனுங்க. மெஷினுக்குச் சொல்றப்பவே, ஒருவேள தனியாப் போக வேண்டி வந்தா ஆகும்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. மாப்பிள்ளைக்குத் தொழில் வெச்சுக் குடுக்கலாம்னும் இருந்துச்சு. முடிவெல்லாம் பண்ணல. அப்பறம் ஒருநாள் கல்கத்தா பையர் வந்தாரு. நாம ரெண்டு பேரும் நிக்கறோம். 'தொழில் என்னுதுங்க, பாய் கடையப் பாத்துக்குவாரு'ன்னு அவருகிட்டச் சொன்னீங்க. அன்னைக்குத்தானுங்க."

அண்ணா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நா அப்படிச் சொன்னனா?"

"சொன்னீங்க."

"நெனப்பில்லையே பாய்." கொஞ்சம் கழித்து, "சொல்லியிருப்பேன். அந்த வாய் எனக்கு உண்டு" என்றார்.

அதற்கு மேல் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. பாய் டீ சொன்னார். பிறகு மூவருமாக மாடிக்குப் போய், அட்டவணையில் சாயத்தை நூலுக்குப் பக்கத்திலிருந்து அடித்துவிட்டு, தையலுக்குப் பின்னால் எழுதினோம்.

புத்தகத் திருவிழா அரங்கில் நாற்காலி போதாமல் பின்னால் நின்றார்கள். சமாதானம் உண்மை என்ற கட்சிக்கு அண்ணா. எதிர்க்கட்சியைப் பாய் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். "வெள்ளக் கவசமா இருந்தாலும் நாப்பதாயிரம் எதுக்குங்க? கோட்டைக் காவலுக்கு அத்தன பேரா? மனசுல ஒரு மூலையில சந்தேகம் இருந்திருக்குது. அத மறைக்க வேண்டாமுங்க" என்று அவர் பேசியபோது அண்ணா தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், ஆறு நீலமானதைத் துக்கத்தின் படிமமாகத்தானே வாசிக்க வேண்டும் என்று கேட்டார்.

"வாசிக்கலாமுங்க" என்றார் அண்ணா. "துக்கமும் இருந்துச்சு. சாயமும் இருந்துச்சு. துக்கம் வந்ததாலதான் சாயமே வந்துச்சு. முடிஞ்சு போனதுனாலயே அது மொதல்லயிருந்து பொய்யின்னு நாமதான் சொல்லிக்கறோம். நானும் சொன்னவந்தான்."

கைதட்டல் எழுந்தது. பாயும் தட்டினார். எதிர்க்கட்சிக்காரர் தட்டக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். எத்தனையோ ஷிப்மென்ட்டுகளைத் தேதி தவறாமல் கப்பலேற்றியிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தைப்போல் எதுவும் என்னை நிமிர்ந்து உட்காரவைத்ததில்லை.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் பாய் அண்ணாவிடம் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் ஊட்டுக்கு வந்துருங்க. கூட்டத்துக்கு முன்னாடி சாப்புட்டுட்டு ஒண்ணாவே போயிக்கலாம்."

அண்ணா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இந்த வாரம் கிருத்திக வருதுங்க பாய். நா கறி தொட மாட்டேன்."

"கிருத்திக வெள்ளிக்கெழம. எனக்குத் தெரியாதாக்கும்? கூட்டு இருந்த காலத்துல அன்னைக்கு உங்களுக்குத் தயிர்ச்சோறு சொல்லி உட்டது ஆருன்னு நெனச்சீங்க? நா கூப்புடறது ஞாயித்துக்கெழம."

"அப்பச் செரி" என்றார் அண்ணா. "நெஞ்செலும்பு இருக்கோணும்."

பாய் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் வந்துருங்க அம்மிணி. வர்றப்ப நாலாம் பாகத்த எடுத்துட்டு வாங்க. அந்தத் தென்னாட்டு ராசா மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது."

"அவரு நல்லவருங்க பாய்" என்றார் அண்ணா உடனே.

"ஆரம்பிச்சுட்டாருங்க" என்று பாய் வண்டியை உதைத்தார்.