நீல கேட் வீட்டின் விலை

2023 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால். மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத வெயில். தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய், எங்கள் சேலையூர் வீட்டுக் கூடத்தில் காபியைக் குடித்து முடித்து, "ஒண்ணே முக்கால் கோடி, சார். நாளைக்கே அட்வான்ஸ்" என்றார்.

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி, சரி என்று சொல்லும்படி தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். பெருங்களத்தூரில் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தில் அவளுக்கு நேர் எதிர் வீடு காலியாக இருந்தது. லிஃப்டும் உண்டு. மூட்டுவலிக்காரிக்கு வேறென்ன வேண்டும்? தீபாவளி வரை விலையை ஏற்ற மாட்டேன் என்று பில்டர் சொல்லியிருந்தார். இதை விற்றால்தான் அது.

நான் இரண்டு கோடி என்றேன்.

மனைக்கு ஊரில் ஒரு விலை இருக்கிறது, சரி. வாசலில் நிற்கும் இரண்டு மாமரங்களுக்கு யார் விலை போடுவது? பள்ளிக்கூடத்துக்கு ஆறு மாதம் லீவு போட்டு நான் கூடவே நின்று கட்டியதற்கு?

"தேக்குக் கதவுக்கு மட்டும் மூணு லட்சம் வரும், பாய்."

"மழை பெஞ்சா அந்தக் கதவு சாத்தாதுங்க" என்றாள் மனைவி, பாய் காதுபடவே.

பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று மாலை கேம்ப் ரோடு டீக்கடையில், "இரண்டு கோடிக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் கொடுக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். இரண்டு வாரம் கழித்து அதே கடையில் ஒரு புரோக்கர் என்னிடம், "சார், உங்க ஏரியாவுல ஒரு வூடு ரெண்டு கோடிக்குப் போயிகீது!" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எவனுடைய வீடோ இரண்டு என்றால் என்னுடையது? இரண்டே கால்! அதையும் டீக்கடையில் சொன்னேன். ஆவணியில் இரண்டே காலுக்கும் ஒரு வீடு போய்விட்டதாகச் செய்தி வந்தது. இரண்டரை ஆக்கினேன். குளிக்கும்போது பாடினேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று மனைவி கதவைத் தட்டிக் கேட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் அந்த புரோக்கர் முதன்முறையாக வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்ததுமே, "ரெண்டரைக்கு ஒண்ணு முடிஞ்சிபோச்சு சார்!" என்றார்.

"எந்த வீடு தம்பி?" என்று மனைவி கேட்டாள்.

"நீல கேட்டும்மா. வாசல்ல ரெண்டு மாமரம். ஓனரு ரிடையர்டு வாத்தியாராம், பேஜார் பார்ட்டியாம், ஒரு ரூபா இறங்க மாட்டாராம்..." சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஐய, இன்னா சார் இது!"

மனைவி சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்க வீட்டைப் பார்த்து நீங்களே பொறாமைப்பட்டிருக்கீங்க!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புரோக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு காபி கேட்டார்.

விற்கவும் இல்லை, ஆட்களும் வந்து வந்து போகிறார்கள் என்பதால், ஏதோ வில்லங்கம் என்று தெருவில் அதற்குள் பேச்சாகியிருந்தது. மனைவியே பாய்க்கு போன் போட்டாள். அவர் வந்த அன்று நல்ல மழை. கதவு சாத்தவில்லை.

"வில்லங்கம் இல்லைன்னு எனக்குத் தெரியும், சார். நாளைக்கு நான் விக்கப் போனா ஊர் நம்பணுமே. ஒண்ணு அறுபத்தெட்டு."

இந்த முறை நானே தலையை ஆட்டினேன். பத்திரம் பதிந்து பணம் கைக்கு வருவதற்குள் தீபாவளி முடிந்திருந்தது. பில்டர் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஏற்றிவிட்டார்.

இப்போது மனைவி இருந்த இடத்திலிருந்தே மகளிடம் கறிவேப்பிலை கேட்கிறாள். நான் கூட்டிப் பார்த்தேன். பாய் குறைத்தது, பில்டர் ஏற்றியது, வந்தவர்களுக்குப் போட்ட காபிக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது. ஆக மொத்தம் பத்து லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.