இன்ஜினியர்கள் வந்துபோன வீடு

அந்த வட்டாரத்து வீட்டு புரோக்கர்களுக்குள் அவளுக்கு ‘டொக் டொக்’ என்று பெயர். பூட்டிக் கிடக்கிற காலி வீடாக இருந்தாலும் ஒவ்வொரு அறைக் கதவையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள். “உள்ள பேய் குடியிருந்தா அதுக்கும் மரியாதை குடுக்கறா பாரு” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. தொழிலுக்கு வந்த முதல் வாரம், வீடு பார்க்க வந்த நான்கு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கதவைச் சட்டென்று திறந்துவிட்டாள். உள்ளே அந்த வீட்டு மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வெளியே வராமல் அழுகிற ஒருத்தியை ஐந்து பேர் வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்றைக்கு வந்த பழக்கம் அது.

தொழில் அவளுடையதில்லை, புருஷனுடையது. அவன் பக்கவாதத்தில் விழுந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, அவனுடைய போனையும் ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்துதான் அவன் போனான். நலம் விசாரிக்க வருகிறவர்கள் அவன் தலைக்கு மேலேயே, “இன்னும் எத்தனை நாள் இழுக்குமாம்?” என்று கேட்பார்கள். அவனுக்குப் பேச்சுதான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்கும்.

அதனாலோ என்னவோ, வீடு பார்க்க வருகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தி ஒரு பாடம் நடத்துவாள். “உள்ள ஆளுங்க குடியிருக்காங்க. அலமாரியைத் திறக்காதீங்க. ‘சின்னதா இருக்கே’ன்னு வாய்விட்டுச் சொல்லாதீங்க. விலையை உள்ள பேசாதீங்க. குழந்தை கையை விடாதீங்க. பிடிக்கலைன்னா முகத்துல காட்ட வேண்டாம், இதே இடத்துக்கு வந்து எவ்வளவு வேணும்னாலும் காட்டுங்க.” முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். சிலர், வீட்டைக் காட்டச் சொன்னால் இவள் பள்ளிக்கூடம் நடத்துகிறாளே என்று முணுமுணுப்பார்கள்.

இப்படிப்பட்டவள்தான் அந்த லேத் பட்டறைக்காரர் வீட்டு விஷயத்தில் பொய் சொல்ல ஒப்புக்கொண்டாள்.

பெரியவருக்கு எண்பதை ஒட்டிய வயது. பட்டறையில் இரும்பு கடைந்து சம்பாதித்து, ஒவ்வொரு அறையாகக் கட்டிய வீடு. மனைவி போன பிறகு தனியாக இருந்தார். மகன் ஊரின் மறுகோடியில் ஒரு அடுக்குமாடியில் இருந்தான். வீட்டை இரண்டு வருஷத்துக்கு முன்பே தன் பேருக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். வரி கட்டுவதற்கென்று சொல்லி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினானாம். அதை அவன் மறைக்கக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

“விக்கறது அப்பாவுக்குத் தெரியாதுக்கா. கேட்டா தாங்க மாட்டார், இதயம் வீக். நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன். அதுவரைக்கும் விரிசல் பார்க்க வந்த இன்ஜினியர்னு சொல்லி ஆளுங்களைக் கூட்டிட்டுப் போங்க.”

“எப்போ சொல்லுவீங்க தம்பி?”

“சீக்கிரமே.”

அந்த வருஷம் அவளுக்குத் தொழில் படுத்துக் கிடந்தது. நல்ல மனை, எளிதில் கைமாறும். சரி என்றாள்.

முதல் தம்பதி வந்தபோது பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே காத்திருந்தார். யாராவது வந்து வீட்டைக் கவனிக்க மாட்டார்களா என்று பல வருஷமாக ஏங்கியவர் போல இருந்தது அவர் முகம். “வாங்க, இப்படி வாங்க” என்று வடக்குச் சுவரின் ஈரத்தைத் தொட்டுக் காட்டினார். மழை பெய்தால் சமையலறைச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருவதைச் சொன்னார். பின்கதவு நிலையில் கரையான் தின்ற இடத்தில் ஸ்குரூ டிரைவரை விட்டார். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மேலே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த விரிசலைக் காட்ட, மூச்சு வாங்க மாடிப்படியும் ஏறினார். வந்த கணவன் சுவரைத் தட்டித் தட்டி இன்ஜினியராகவே மாறிப்போனான். தெருமுனைக்கு வந்ததும், “வேண்டாம் மேடம்” என்றான்.

இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், ஐந்தாவது ஆள், எல்லோருக்கும் இதே கதிதான். சொந்த வீட்டுக்கு எதிராக இவ்வளவு உற்சாகமாகச் சாட்சி சொல்லும் மனிதரை அவள் பார்த்ததே இல்லை. ஆரம்பத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆறாவது முறை போனபோது பெரியவர் இருபத்திரண்டு குறைகளை நம்பர் போட்டு, கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். “இன்ஜினியர் சாருக்கு மறதி இருக்கும்மா. ஆளுக்கு ஒண்ணு குடுத்துடு” என்று நகல்களை அவளிடமே கொடுத்தார். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கூட்டர் பெட்டியில் அந்தத் தாள்களைத் திணித்துக்கொண்டு போய் மகனுக்கு போன் போட்டாள்.

“தம்பி, இன்னும் சொல்லலையா?”

“சொல்லிடறேன்கா. நீங்க ஒண்ணு பண்ணுங்க, ஆளுங்க பார்க்கும்போது அவரை ரூம்லயே உட்கார வெச்சுப் பேச்சுக் குடுங்க.”

அதையும் செய்தாள். எட்டாவதாக வந்தவன் பழைய வீடுகளை வாங்கி இடித்துக் கட்டுகிற காண்டிராக்டர். தெருமுனைப் பாடத்தைக் கேட்டு, “சரி, சரி” என்று கையை ஆட்டினான். பெரியவர் சட்டை மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அறைக்கு வெளியே காத்திருக்கும்படி அவள் கேட்டுக்கொண்டாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினான். பெரியவர் வெற்று மார்போடு, ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி நின்றார். காண்டிராக்டர் அவரைப் பார்த்தானா இல்லையா என்றே தெரியவில்லை. அளவெடுக்கும் டேப்பின் ஒரு முனையைக் கட்டில்காலில் மாட்டி, மறுமுனையை அவர் முழங்காலை உரசிக்கொண்டு ஜன்னல்வரை இழுத்தான். இழுத்துக்கொண்டே போனில் பேசினான்.

“கட்டடம் ஒண்ணுத்துக்கும் ஆகாது, மொத்தமா இடிக்கணும். மனை நல்லா இருக்கு. ஒரு கிழவர் இருக்கார். மாசக் கடைசிக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவாங்களாம்.”

பேசிக்கொண்டே வெளியே போய்விட்டான். பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

“எதை இடிக்கணுங்கறார்?”

“அது... வேற ஏதோ வீட்டைப் பத்திப் பேசறார்யா.”

நாக்கு கூசவில்லை. அதுதான் பின்னால் அவளை அரித்தது. அத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்ததில் பொய் அவள் வாய்க்குப் பழகிவிட்டிருந்தது. பெரியவர் இன்னொரு கையைச் சட்டைக்குள் விட்டார். பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

“நீ யாரும்மா?”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. “புரோக்கர்யா” என்றாள்.

“அப்போ வந்தவங்கள்லாம்?”

“வீடு பார்க்க வந்தவங்க.”

அவர் கோபப்படுவார், மார்பைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்து அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். அவர் வாங்கவில்லை.

“எல்லாருக்கும் குறையைத்தானேம்மா காட்டினேன்” என்றார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லதைக் காட்டியிருப்பேனே. எவனாவது குடியிருக்கறவன் வாங்கியிருப்பான். இடிக்காம இருந்திருப்பான்.”

அவர் எழுந்து அவளை வரச் சொன்னார். முன்கதவை ஒற்றை விரலால் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. “கீல் நான் கடைஞ்சது. நாப்பது வருஷம், ஒரு சொட்டு எண்ணெய் போட்டதில்லை.” மாடிப்படிகளைக் காட்டினார். மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் ஒவ்வொரு படியும் இரண்டு விரற்கடை உயரம் குறைவு. பின்னறையில் பிற்பகல் வெயில் எந்த இடத்தில் விழும் என்று காலால் கோடு போட்டார். வெளியே காண்டிராக்டர் காரின் ஹாரனை அடித்தான். அவள் போகவில்லை. எல்லாவற்றையும் பார்த்தாள், இப்போது பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும்.

அன்று மாலையே மகனிடம், “நான் விலகிக்கறேன்” என்று சொன்னாள். அவன் கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. காண்டிராக்டரோடு நேரிலேயே பேசி முடித்துக்கொண்டான். மூன்றாவது வாரம் பெரியவரை அடுக்குமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே வீடு தரைமட்டமானது.

ஒருநாள் மனசு கேட்காமல் அவரைப் பார்க்கப் போனாள். மருமகள் கதவைத் திறந்து, “மாமா, யாரோ வந்திருக்காங்க” என்றாள். ஹாலில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே போட்டிருந்த மடக்குக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். அவளைப் பார்த்தார். யாரென்று தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார். டி.வி.யில் பேரப்பிள்ளைகள் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கென்று தயார் செய்து வந்த சொற்களை அந்த ஹாலில் எல்லோர் முன்னாலும் சொல்ல முடியவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

நான்கு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பழைய தெருவின் மளிகைக்கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் ஒரு வீட்டை ஒப்புக்கொள்வதற்கு முன்னால், அங்கே இருக்கிற எல்லோரோடும் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறாள். படுத்துக் கிடப்பவர்கள் இருந்தால் அவர்களோடும்தான். பத்து வீட்டில் மூன்று இதனாலேயே கைவிட்டுப் போகிறது. போன மாதம்கூட ஒருவர், “எங்க அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, அவங்களை விடுங்க” என்றார்.

“புரியற மாதிரி நான் சொல்றேன் சார்.”

“அதெல்லாம் வேண்டாங்க. நாங்க வேற புரோக்கரைப் பார்த்துக்கறோம்.”

“பாருங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த சாவியை மேஜைமேல் வைத்தாள். வேறு புரோக்கர் சாயந்திரத்துக்குள் கிடைத்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். கிடைத்தான்.