மரத்தின் தலையில் மேகம்

“...மழைதான் நின்னுடுச்சே. வானம் நல்லாருக்கு, வரலாம்னு சொல்லிடுடா தம்பி. பைலட்டுக்குப் படிக்கிற பையன், நீ சொன்னா நம்புவாங்க” என்று அம்மா மாமாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தீவின் ஹட் பே ஆஸ்பத்திரி வராந்தா அது. உள்ளே கட்டிலில் தாத்தா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்பா. நெஞ்சுவலி. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பல் மறுநாள்தான். ஹெலிகாப்டர் அங்கே தயாராக நின்றது, இங்கே வானம் எப்படி என்று தெரிந்தால் கிளம்பிவிடும். வழக்கமாக அதைச் சொல்கிற ஆள் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டதால், டாக்டர் போனை மாமாவிடம் கொடுத்திருந்தார்.

எங்கள் ஊரில் கப்பல் வராவிட்டாலும், தக்காளி வராவிட்டாலும், கணக்கு வாத்தியார் வராவிட்டாலும் ஒரே பதில்தான்: “மௌசம் கராப்.” வானிலை சரியில்லையாம். மாமா மெயின்லேண்டில் விமானம் ஓட்டப் படிக்கப் போன பிறகு, லீவில் வரும்போதெல்லாம் அவரையே கேட்பார்கள். “மாப்பிள்ள, வத்தல் காயப்போடலாமா?” என்று கேலி செய்வதில் அப்பாவுக்குத் தனி சந்தோஷம். தாத்தா மட்டும் கேலி செய்யமாட்டார். மகன் சொன்னால் வெயிலிலும் குடை எடுத்துப் போவார்.

மாமா வானத்தையே பார்த்தார். முற்றத்தில் லேசாக வெயில்கூட விழுந்தது. காட்டுப் பக்கம் மட்டும் மரங்களின் தலை தெரியவில்லை.

“மழை நின்னா போதாதுக்கா. காத்து பூரா ஈரம், குளிர்ந்துபோய் மேகம் மரத்து மேலயே உக்காந்திருக்கு. வர்றவனுக்குத் தரை தெரியாது.”

“அப்பா சாகட்டும்ங்கிறியா?”

“அதுல வர்றவங்களுக்கும் ஒரு அக்கா இருப்பாள்ல” என்றார் மாமா. போனில் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

பக்கத்தில் நின்ற என் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, “ஸாஃப் ஹை சாப், பில்குல் ஸாஃப் ஹை” என்று கத்தினார். சுத்தமாக இருக்கிறதாம் வானம். யார் சொல்வது சரி என்று அந்தப் பக்கம் கேட்டார்கள் போல; அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். கொஞ்ச நேரம் காட்டுப் பக்கமே பார்த்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், தம்பி சொன்னதுதான் சரி, மேகம் கீழே இருக்கிறது, வரவேண்டாம் என்றாள்.

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். ஹெலிகாப்டரை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும், தாத்தா எங்கே போய்விடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கப்பல் வந்தபோது தாத்தா இல்லை.

ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில், “ஹெலிகாப்டர் நாளைக்கு வரும்லம்மா?” என்று கேட்டேன்.

அம்மா போனை மாமா கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, சில்லிட்டிருந்த தாத்தாவின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.