கவர்மெண்டு ஜெயிக்க வேண்டிக்கொண்டேன்

அடித்தால் ஜெயில் என்று தமுக்கு அடித்த பிறகும், செத்த ஓநாயைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, மேளதாளத்தோடு, தானாகவே தாலுக்கா ஆபீஸுக்குள் நடந்து போன மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒருத்தர்தான் இருப்பார். அவருக்குத்தான் என்னைக் கட்டிவைத்தார்கள்.

எங்கள் காடு மேச்சேரிக்கு மேற்கே. மானாவாரி பூமி. மழை பெய்தால் கம்பும் கடலைக்காயும் விளையும், பெய்யாவிட்டால் செம்மறி ஆடுதான் சோறு போட வேண்டும். எழுபதுகளின் கடைசியில் மழை எங்கள் பக்கம் வருவதையே மறந்திருந்தது. ஆடுகளைப் பகலில் மேய்த்துவிட்டுச் சாயங்காலம் காட்டிலேயே படல் கட்டி அடைப்போம். விளாரில் பின்னிய தட்டிதான் படல். அதை நாலு பக்கமும் நிறுத்திக் கட்டினால் பட்டி. ஆடு வெளியே போகாது, அவ்வளவுதான். ஓநாய்க்கு அது ஒரே தாண்டு.

ஓநாய் ஒரு ஆட்டைத் தின்றுவிட்டுப் போனால் கூடப் பரவாயில்லை. ஒன்றை இழுத்துக்கொண்டு போகும்போதே இன்னும் நாலைந்தைக் குதறிப் போட்டுவிட்டுப் போகும். சினையாடு ஒன்று வயிறு கிழிந்து கிடந்ததை ஒரு காலையில் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்களுக்கு ஆடு என்றால் பிள்ளைகளின் துணிமணி, வைத்தியம், சீர் எல்லாம் அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓநாயைக் கொன்றவர் அதைப் புதைக்கக் கூடாது. கம்பில் தலைகீழாகக் கட்டி, முன்னால் மேளம் அடிக்க, பட்டி இருக்கிற ஊர் ஊராகத் தூக்கி வர வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றுவார்கள். படி கம்பு, ஒரு தேங்காய், மனசிருந்தால் ஒரு கிடாக்குட்டி என்று கொடுப்பார்கள். கடைசியாகத் தாலுக்கா ஆபீஸுக்குப் போய் வாலைக் காட்ட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வாலுக்கு இனாம் கொடுத்தார்களாம். இனாம் நின்று எத்தனையோ காலமாகியும் வாலைக் காட்டுவது நிற்கவில்லை. ஆபீஸில் இருக்கிற யாராவது வெளியே எட்டிப் பார்த்து, "சபாஷ்!" என்று ஒரு வார்த்தை சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை தூரம் நடப்பார்கள்.

ஓநாயை அடிக்கக் கூடாது என்கிற சட்டம் டில்லியில் எப்போதோ வந்துவிட்டதாம். எங்கள் காட்டுக்கு வந்து சேரத்தான் நாளாயிற்று. ஃபாரஸ்ட் ஆட்கள் ஆட்டுச் சந்தையில் தமுக்கு அடித்தார்கள். ஓநாய் அழிந்துகொண்டு வருகிற இனம், காப்பாற்ற வேண்டிய மிருகங்களின் பட்டியலில் சேர்த்தாயிற்று, இனி அடித்தால் ஜெயில் என்றார்கள். "அழிஞ்சு போச்சுங்களா? எங்க பட்டிக்கு வந்து பாருங்க சாமி!" என்று சந்தையே கத்தியது. ஆட்டுக்காரர்கள் மனு கொடுத்தார்கள், ஆடுகளை விட்டு ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஒரு மந்திரி வந்தார். அதே சந்தையில் மேடை, மைக், மாலை எல்லாம் நடந்தது. "டில்லிக்காரனுக்கு ஆடு மேய்க்கத் தெரியுமா?" என்று கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. "ஓநாயைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லி நம்ம கவர்மெண்டே ஐகோர்ட்டில் கேஸ் போட்டாச்சு. உங்க கம்பு உங்க கையில் இருக்கட்டும். எவனுக்கும் பயப்படாதீங்க!" என்றார். ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம் என்கிற பழமொழி தெரியாத ஆட்டுக்காரன் எங்கள் ஊரில் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு ஒருத்தருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சை எனக்கு முழுசாகச் சொல்லிக் காட்டினார், கையை ஆட்டுவது உட்பட.

தை மாதம், பொங்கல் முடிந்திருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்த விடியலில் அவர் படலைத் திறக்கப் போனார். நான் சாணி அள்ளக் கூடையோடு பின்னால் போனேன். உள்ளே ஒரு இளம் ஆட்டின் கழுத்தைக் கவ்வியபடி ஓநாய் நின்றது. படல் திறந்த வழியை எங்கள் நாய்கள் இரண்டும் மறித்துக்கொண்டன. அவர் கையில் தடி இருந்தது. அடித்தார். விழுந்துவிட்டது.

"பொதைச்சுப்புடுங்க மாமா. ஓடையில குழி நோண்டுனா ஆருக்குந் தெரியாது" என்றேன்.

"ஆருக்குந் தெரியாம பண்றதுக்கு இதென்ன திருட்டா? கவர்மெண்டே நம்ம பக்கம் கேஸு போட்டிருக்குது. நீ போயி மேளக்காரரைக் கூப்புட ஆள் அனுப்பு புள்ள."

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவங்களுக்கு மதி எங்க போச்சு? மந்திரி சொன்னாராம், இவரு கேட்டாராம்!"

"ஏ, உனக்கு எதுலயும் சந்தேகந்தான்" என்று சிரித்துக்கொண்டே கம்பு தேடப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோனது. எல்லோரோடும் சேர்ந்து நானும் ஒரு சொம்பு ஊற்றினேன்.

தாலுக்கா ஆபீஸில் நடந்ததைச் சாயங்காலம் மேளக்காரர்தான் வந்து சொன்னார். குமாஸ்தாக்கள் வராந்தாவுக்கு வந்து பார்த்தார்களாம். ஒருத்தரும் சபாஷ் சொல்லவில்லை. யாரோ உள்ளே போய் டெலிபோன் பண்ணினார்கள். ஜீப்பில் ஒரு ரேஞ்சர் வந்தார். சின்ன வயசு, வெளியூர்க்காரர். ஓநாயைப் புரட்டிப் பார்த்தாராம். "பெட்டை. மடியில பால் இருக்கு. குட்டிங்க எங்கயோ கிடக்கும்" என்றாராம். அப்புறம் இவரைப் பார்த்து, "அடிச்சதுதான் அடிச்சீங்க, இங்க எதுக்குங்க கொண்டுவந்தீங்க?" என்று வருத்தமாகக் கேட்டாராம். "வழக்கமுங்க சாமி" என்றாராம் இவர். அப்படியே இவரையும் ஓநாயையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

குட்டிகள் என்று கேட்டதும் எனக்கு அந்தச் சினையாடு ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஓநாய் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, அதை ஒளிப்பானேன். ஆனால் அதன் பசி அதற்கு. அது யார் மேடையிலும் ஏறி எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

ஜாமீனில் கொண்டுவந்தோம். டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நல்ல மனிதர், ஆனால் தந்திரக்காரர். "ஓநாய் உன் மேல பாஞ்சுது, உசுரைக் காப்பாத்திக்க அடிச்சேன்னு சொல்லிடு. மனுசன் தன் உசுருக்காக அடிச்சா குத்தமில்லைன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. கேஸ் நிக்காது" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

"எம்மேல எங்கீங்க பாஞ்சுது? ஆட்டைத்தானுங்க புடிச்சிருந்துச்சு."

"அட, பாஞ்சுதுன்னு சொல்லய்யா!"

"கவர்மெண்டே இது தப்புச் சட்டம்னு கோர்ட்டுக்குப் போயிருக்குதுங்க. அப்பறம் நானெதுக்குங்க பொய் சொல்லோணும்?"

கோர்ட்டில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். ஆட்டைப் பிடித்தது, அடித்தேன் என்றார். வக்கீல் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், "இனி ஒரே வழிதாம்மா இருக்கு. ஐகோர்ட்டுல கவர்மெண்டு ஜெயிச்சு ஓநாய் பட்டியல்ல இருந்து போச்சுன்னா, அதை வெச்சுப் பேசி இவரை வெளிய எடுத்துரலாம். அதுவரைக்கும் வாய்தா மேல வாய்தா வாங்கறேன். கவர்மெண்டு தோத்துச்சுன்னா இவரு உள்ள போக வேண்டியதுதான்" என்றார்.

ஊரில் பெண்கள் புருசனுக்காக வேண்டிக்கொள்வார்கள், பிள்ளைக்காக வேண்டிக்கொள்வார்கள். நான் கவர்மெண்டுக்காக வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போய், "தாயே, கவர்மெண்டு ஜெயிக்கோணும். ஜெயிச்சா உனக்குப் பொங்க வெச்சுக் கெடா வெட்டறேன்" என்று கும்பிட்டு நின்றேன். அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும். என்னடா இது, கவர்மெண்டுக்கு வேண்டிக்கொள்ள ஒருத்தி கிளம்பியிருக்கிறாளே என்று.

அவர் வாய்தாவுக்குப் போகிற நாளெல்லாம் ஆட்டை நான்தான் மேய்த்தேன். அந்த வருசம் பட்டிப் பக்கம் ஓநாய் வரவே இல்லை. அடுத்த வருசமும் வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் காட்டில் யாரும் ஓநாயைப் பார்க்கவில்லை. அந்த ஃபாரஸ்ட் ஆட்கள் அழிந்துகொண்டு வருகிறது என்று சொன்னது பொய்யில்லை என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. சட்டம் சரியாகவே இருந்திருக்கலாம். அதைப் போட்டவர்கள் என் பட்டிக்கு ஒரு நல்ல வேலி போட்டுக் கொடுத்துவிட்டு ஓநாயைக் காப்பாற்றியிருக்கலாம். அதை யாரும் செய்யவில்லை. எங்களுக்குக் கிடைத்தது தமுக்கும் மேடைப் பேச்சும்தான்.

ஒருமுறை அந்த மந்திரி பக்கத்து ஊர் பங்களாவுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனேன். வெயிலில் நின்று நின்று, கடைசியில் பார்க்க விட்டார்கள். விசயத்தைச் சொன்னேன்.

"கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்மா. அது நம்ம கேஸு. கவலையே படாதே" என்றார்.

"அது நம்ம கேஸுங்க. அப்ப எங்க ஊட்டுக்காரரு மேல போட்டிருக்கறது ஆரு கேஸுங்க?"

"அது டிபார்ட்மெண்ட் போட்டது."

"டிபார்ட்மெண்டு ஆருதுங்க?"

பக்கத்தில் நின்றவர்கள், "சரி சரி, நகரும்மா, அய்யாவுக்கு நேரமாச்சு" என்று என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இடது கையால் நமக்காகக் கேஸ் போட்டு வலது கையால் நம் மேலேயே கேஸ் போடுகிற வித்தையை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையும் போய் அதே கவர்மெண்டுக்காகத்தான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

தீர்ப்பு வந்தது. கவர்மெண்டு தோற்றுவிட்டது. வக்கீல் பேப்பரை வைத்துக்கொண்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். இந்தச் சட்டம் எங்களுக்கும் வேண்டும் என்று நம் சட்டசபையே முன்பு தீர்மானம் போட்டு டில்லியைக் கேட்டு வாங்கியிருக்கிறது. கேட்டு வாங்கினவர்களே வந்து இது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல முடியாது. அதனால் தள்ளுபடி.

"அப்ப கேஸு போடறப்பவே இது தெரியாதுங்களா அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமாம்மா?" என்றார் வக்கீல்.

பாவிகள்! தெரிந்தே போட்டிருக்கிறார்கள். தோற்பதற்கென்றே போட்ட கேஸ். சந்தையில் ஒரு கைதட்டல் வேண்டியிருந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மக்களுக்காகக் கடைசி வரைக்கும் போராடினோம் என்று மந்திரி சொன்னதாக அதே பேப்பரில் கீழே போட்டிருந்தது. மேல் கோர்ட்டுக்குக் கூடப் போகவில்லை. நான் அந்தப் பேப்பரைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

எங்கள் கேஸ் அடுத்த வாய்தாவிலேயே முடிவுக்கு வந்தது. அரசாங்க வக்கீல் எழுந்தார். அவர் கையில் இருந்தது அந்த ஐகோர்ட் தீர்ப்புதான். இந்தச் சட்டம் செல்லும் என்று ஐகோர்ட்டே சொல்லிவிட்டது, குற்றவாளி தானே ஒப்புக்கொண்டிருக்கிறார், இரக்கம் காட்டினால் நாளைக்கு எல்லோரும் ஓநாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று பேசினார். கவர்மெண்டு தோற்ற தீர்ப்பை வைத்துக் கவர்மெண்டே என் வீட்டுக்காரரை ஜெயித்தது. நான் சுவரோரம் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அங்கேயே அந்த ஆளைக் கேட்டிருப்பேன்.

மாஜிஸ்ட்ரேட் ஆறு மாசம் என்று வாசித்தார். கூண்டில் நின்றவர் கும்பிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"ஐகோர்ட்டுல கவர்மெண்டும் தோத்துப்போச்சுங்களாமா. இங்க நானும் தோத்துட்டனுங்க. எனக்கு ஆறு மாசமுங்க, சரீங்க. கவர்மெண்டுக்கு எத்தன மாசமுங்க?"

கோர்ட்டே சிரித்தது. அரசாங்க வக்கீல் சிரித்தார், டவாலி போட்ட சேவகன் சிரித்தான், எங்கள் வக்கீலும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல், மாஜிஸ்ட்ரேட் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதில் வரும் என்று நின்றார். போலீஸ்காரர் வந்து தோளைத் தொடுகிற வரைக்கும் நின்றார்.