பூச்சியத்தில் போட்ட வட்டம்

கணுக்கால் அறுவைக்குப் பிறகு உங்களிடமும் ஒரு தாள் தருவார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர் நிறுத்தத்தில் வவுனியாவுக்குப் பாதை திறந்திருந்த காலம். ஒட்டுசுட்டானில் வயல் வரம்பில் சறுக்கி என் வலது கணுக்கால் முறிந்தது. வவுனியாவில் தகடு (எலும்பைப் பிணைக்கும் உலோகத் துண்டு) வைத்துத் திருகாணி பூட்டினார்கள். ஆறு மாதம் கழித்து கிளினிக் போனபோது, விறாந்தையில் மிஸ்ஸி (தாதி) அந்தத் தாளைத் தந்தார். நோவு எவ்வளவு, நடை எவ்வளவு சிரமம் என்று நோயாளியே சொல்ல வேண்டும். பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் எண்ணில் வட்டம் போட வேண்டும்.

எல்லாவற்றிலும் பூச்சியத்தில் போட்டேன். டொக்டர் பாடுபட்டுச் செய்த கால். நோகிறது என்று எழுதினால் அவரைக் குறை சொன்னதாகிவிடும் என்று பயந்தேன்.

உண்மையில் எனக்குக் குந்த முடியாது. காலையில் கக்கூசில் மனைவிதான் கையைப் பிடித்து இருத்துவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, பிறகு தூக்கிவிடுவாள். தாளில் மாடிப்படி ஏறுவதைக் கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் படியே இல்லை. குந்துவதைக் கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"எல்லாம் பூச்சியம். நோவே இல்லை. இனி நீங்கள் வரத் தேவையில்லை ஐயா" என்றார் டொக்டர்.

நான் தலையாட்டினேன். கூட வந்திருந்த மனைவி விடவில்லை.

"வீட்டில ஐயோ எண்டு கத்துறார் டொக்டர். இஞ்ச வந்து புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். கக்கூசில நான்தான் இவரைத் தூக்கிறன்."

கதவு திறந்திருந்தது. விறாந்தையில் யாரோ சிரித்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஐயா, இது எனக்குப் பரீட்சைப் புள்ளி போடுற தாள் இல்லை. எக்ஸ்ரேயில எலும்பு தெரியும், நோவு தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லோணும்" என்று டொக்டர் கணுக்காலை அழுத்தினார். கத்திவிட்டேன்.

திருகாணி ஒன்றின் தலை தசைநாரில் (தசையை எலும்போடு கட்டும் நார்) உரசிக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் நார் அறுந்திருக்குமாம். அந்தத் திருகாணியைக் கழற்றினார்கள். அடுத்த முறை நோவுக்கு மூன்றில் வட்டம் போட்டேன்.

ஆறு மாதம் அவள் என்னைத் தூக்கியதையும் சேர்த்துத்தான் பூச்சியம் என்று எழுதியிருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது கக்கூசுச் சுவரில் ஒரு கம்பு பூட்டியிருக்கிறோம். எந்தக் கால் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்து எழும்புவதில் காலைப்பொழுது நீண்டுவிட்டது. அவள் வந்து நிற்பதில்லை. நின்றால் நல்லது என்று சில நாள் தோன்றும். கூப்பிட்டதில்லை.